சோற்றைக் குறைத்தால் போதுமா?

1862-ஆம் ஆண்டு, லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற பெரியவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளையே ஏற்று நடத்திய வசதியான குடும்பம் அவருடையது. உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ. குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட முடியாது. மூட்டு தாங்காது என்பதால் மாடிப்படியில் முதுகைக் காட்டியபடி மெல்ல இறங்குவார். தேம்ஸ் நதியில் படகு வலித்துப் பார்த்தார், பசிதான் கூடியது. குளியல் சிகிச்சை, மருத்துவமனை வாசம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எடை அசையவில்லை.

காது வைத்தியத்துக்குப் போன இடத்தில்தான் வழி பிறந்தது. வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர், காது மந்தமானதற்கே உடற்பருமன்தான் காரணம் என்றார். கல்லீரல் சர்க்கரையை உருவாக்குவது பற்றி பிரெஞ்சு அறிஞர் க்ளாட் பெர்னார்ட் பாரிஸில் ஆற்றிய உரைகளைக் கேட்டுவிட்டு வந்தவர் அவர். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். காலையில் இறைச்சி அல்லது மீன், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். மதியம் மீன், இறைச்சி, உருளைக்கிழங்கு தவிர்த்த காய்கறி, இரண்டு மூன்று கோப்பை ஒயின். ரொட்டி என்றால் வாட்டிய துண்டு ஒரு அவுன்ஸ், 28 கிராம் மட்டும். ஓராண்டுக்குள் பான்டிங் 46 பவுண்டு, சுமார் 21 கிலோ, இளைத்தார். அந்த அனுபவத்தை 1863-இல் தன் சொந்தச் செலவில் சிறு நூலாக அச்சிட்டு, முதல் பதிப்பை இலவசமாகவே கொடுத்தார். 81 வயது வரை வாழ்ந்தார்.

இன்று அட்கின்ஸ், கீட்டோ, பேலியோ, கார்னிவோர் என்று பல பெயர்களில் உலவும், மாவுச்சத்தைக் குறைக்கும் 'குறைமாவு' டயட்டுகள் எல்லாவற்றிலும் பான்டிங்கின் தட்டு ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. 160 ஆண்டுகளாக இந்த முறை மறைந்து மறைந்து திரும்பி வருவதற்குக் காரணம், அது உண்மையிலேயே எடையைக் குறைக்கிறது என்பதுதான். எவ்வளவு குறைக்கிறது, ஏன் குறைக்கிறது, யாருக்கு ஆகாது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தவருக்கு, அடுத்து வரும் புதுப் பெயர் எதுவாக இருந்தாலும் அதை எடைபோடுவது எளிது.

முதல் வாரத்தில் குறைவது எது?

சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, கிழங்கு, சர்க்கரை என மாவுச்சத்து எந்த வடிவில் வந்தாலும் செரித்த பிறகு பெரும்பாலும் குளுக்கோஸாகிறது. உடனடித் தேவைக்குப் போக மீதியில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. பெரியவர் ஒருவர் உடலில் இந்தச் சேமிப்பு மொத்தமே அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். ஆனால், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னுடன் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. கூடவே அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் வெளியேறும். இன்சுலின் அளவு இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். முதல் வாரத்தில் 2 கிலோ குறைந்தது என்று பலர் சொல்வது பொய்யல்ல. ஆனால், அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால் இரண்டே நாளில் அது திரும்பி வந்துவிடும். 'ஒரே வாரத்தில்' என்று தொடங்கும் விளம்பரங்கள் எல்லாம் இந்தத் தண்ணீர்க் கணக்கை நம்பித்தான் பிழைக்கின்றன.

மாவுச்சத்து மிகவும் குறைந்த நிலை சில நாட்கள் நீடித்தால், கல்லீரல் கொழுப்பை உடைத்து கீட்டோன் என்ற பொருளைத் தயாரிக்கத் தொடங்கும். குளுக்கோஸையே நம்பியிருக்கும் மூளை, தன் தேவையில் பெரும்பங்கைக் கீட்டோனிலிருந்து எடுத்துக்கொள்ளப் பழகும். கீட்டோ டயட்டின் அடிப்படை இதுதான். இது எடை குறைப்புக்காக உருவானதல்ல. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக முன்வைத்த சிகிச்சை. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுகிறது.

ஓராண்டுக்குப் பின் தராசு சொல்வது

1972-இல் நியூயார்க் இதய மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் லட்சக்கணக்கில் விற்றது. அவருடைய முறையில் முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 20 கிராம் மாவுச்சத்துதான் அனுமதி. வெந்த சோற்றில் 100 கிராமுக்கு சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அந்தக் கணக்கில் நாள் முழுவதற்கும் 70 கிராம் சோறு, அதாவது இரண்டு கைப்பிடிக்குமேல் கிடையாது. காய்கறி, தயிர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் அந்த இரண்டு கைப்பிடியும் போய்விடும்.

இந்த முறையைக் கொழுப்பு குறைந்த டயட்டுடன் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் பல வந்துவிட்டன. அவற்றுள் முக்கியமானது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் நடத்தி 2018-இல் வெளியானது. 609 பேர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவு மாவுச்சத்தைக் குறைத்தது, மறுபிரிவு கொழுப்பைக் குறைத்தது. இரு பிரிவுக்கும் பொதுவான அறிவுரை: சர்க்கரை, மைதா, பாக்கெட் உணவு வேண்டாம், காய்கறி நிறைய, முடிந்தவரை வீட்டுச் சமையல். 12 மாதம் கழித்துப் பார்த்தால் குறைமாவுப் பிரிவினர் சராசரியாக 6 கிலோ குறைந்திருந்தார்கள், குறைகொழுப்புப் பிரிவினர் 5.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அல்ல. ஆனால், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு இருந்தது. சிலர் 25 கிலோவுக்குமேல் இளைத்திருந்தார்கள், சிலருக்கு எடை கூடியிருந்தது. யாருக்கு எந்த டயட் ஒத்துவரும் என்பதை மரபணுவை வைத்தோ இன்சுலின் அளவை வைத்தோ முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. மரபணுப் பரிசோதனை செய்து டயட் எழுதித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடங்களுக்குப் போகும் முன் இந்த முடிவை நினைவில் வைக்க வேண்டும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கீட்டோ உணவும் இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் கொடுத்து, வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். 2021-இல் வந்த முடிவு பலரை வியக்கவைத்தது. முக்கால் பங்கு கலோரியும் மாவுச்சத்தாகவே இருந்த தாவர உணவைச் சாப்பிட்டபோது, அவர்கள் தினமும் 550 முதல் 700 கலோரிவரை குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். மாவுச்சத்தால் இன்சுலின் ஏறுகிறது, அதனால் பசி ஏறுகிறது, அதனாலேயே உடல் பருக்கிறது என்ற பிரபலமான விளக்கம் முழு உண்மை அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் குறைமாவு டயட்டில் எடை ஏன் குறைகிறது? தட்டிலிருந்து போகும் பொருட்களைப் பார்த்தால் புரியும். சோற்றோடு பிஸ்கட், பன், பஜ்ஜி, மிக்சர், குளிர்பானம், இனிப்பு, இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட நாலு வேளை டீ என எல்லாமே ஒரே நாளில் நிற்கின்றன. அந்த இடத்துக்கு முட்டை, மீன், பனீர், கீரை வருகின்றன. புரதம் கூடினால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும். மாலை நான்கு மணிக்கு டீக்கடையில் நின்றாலும் வாங்கித் தின்ன ஒன்றும் இல்லை. கலோரியை எண்ணாமலேயே கலோரி குறைந்துவிடுகிறது. இது சாதாரண காரணம்தான் என்றாலும் சிறிய நன்மை அல்ல. கணக்குப் போட்டுச் சாப்பிடத் தெரியாதவருக்கும் ஒரே விதியில் பலன் தருவது இந்த முறையின் உண்மையான பலம்.

பெயர் மாறி வரும் டயட்டுகள்

அந்த ஒரே விதி போதாது என்று அதன்மேல் மேலும் மேலும் கட்டுப்பாடுகளை ஏற்றும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. 1976-இல் ராபர்ட் லின் என்ற அமெரிக்க மருத்துவர், சாப்பாட்டையே விட்டுவிட்டுத் திரவப் புரதத்தை மட்டும் குடிக்கச் சொன்னார். கால்நடைகளின் தோல், தசைநார், குளம்பு ஆகியவற்றிலிருந்து எடுத்த தரம் குறைந்த புரதம் அது. ஒரு நாளைக்கு 400 கலோரிகூடத் தேறாது. லட்சக்கணக்கானோர் வாங்கிக் குடித்தார்கள். இதயத் துடிப்பு சீர்குலைந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அமெரிக்க அரசுக்குப் புகார்கள் வந்தபிறகுதான் அந்த அலை ஓய்ந்தது. இறந்தவர்கள் பலரும் நன்றாக இளைத்திருந்தார்கள். எடை குறைவதும் உடல் நலமாவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை.

பிரான்ஸில் பியர் துகான் என்ற மருத்துவர் 2000-இல் வெளியிட்ட டயட், முதல் சில நாட்கள் கொழுப்பில்லாத புரதம் மட்டும் என்று தொடங்கியது. டயட்டை வணிகமாக்கியதற்காக அந்நாட்டு மருத்துவர் மன்றம் 2014-இல் அவரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது.

கொழுப்பே இல்லாத இறைச்சி மனிதனைத் தாங்காது என்பது அதற்கு வெகு முன்பே தெரிந்த செய்தி. 1928-இல் வட துருவப் பயணி வில்யால்மர் ஸ்டெஃபான்சன் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் மேற்பார்வையில் இறைச்சி மட்டும் உண்ணும் சோதனைக்கு உட்பட்டார். கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்தபோது சில நாட்களிலேயே வயிற்றுப்போக்கு கண்டது; கொழுப்பைச் சேர்த்த பிறகே தேறினார். இப்போது சமூக ஊடகங்களில் பரவும் கார்னிவோர் டயட்காரர்கள் அவரைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஓரிருவர் ஓராண்டு தாக்குப்பிடித்தார்கள் என்பதிலிருந்து, நார்ச்சத்தே இல்லாத உணவு ஆயுள் முழுவதற்கும் நல்லது என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

பேலியோ தமிழர்களுக்கு நெருக்கமானது. நியாண்டர் செல்வனின் தமிழ் நூலும் அதையொட்டிய உரையாடல்களும் கடந்த பத்தாண்டுகளில் நெய்யில் வறுத்த பாதாம், பட்டர் டீ, முட்டை, பனீர் என்ற பட்டியலைப் பல வீடுகளுக்குக் கொண்டுபோயின. ஆனால், 2002-இல் லோரன் கார்டைன் எழுதி உலகெங்கும் பரவிய பேலியோவில் பாலுக்கும் பனீருக்கும் இடமே இல்லை. கற்காலத்தில் மாடு வளர்க்கவில்லை என்பது அவருடைய வாதம். தமிழ்நாட்டுப் பேலியோ உண்மையில் அட்கின்ஸ் முறைக்குத்தான் நெருங்கிய உறவு. நெடுநாள் சர்க்கரையோடு போராடியவர்கள் அதில் பலன் கண்டிருந்தால் அதற்குக் காரணம் மாவுச்சத்தும் எடையும் குறைந்ததுதான். கற்காலத்துக்கு அதில் பங்கில்லை.

கற்கால மனிதன் மாவுச்சத்தே உண்ணவில்லை என்பதும் சரியல்ல. தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் 1,70,000 ஆண்டுகளுக்கு முன் சுட்டுத் தின்ற கிழங்குகளின் கரி கிடைத்திருக்கிறது. ஜோர்டானில் 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய ரொட்டித் துணுக்குகள் கிடைத்துள்ளன. விவசாயம் தொடங்குவதற்கு ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுத் தானியத்தை இடித்துச் சுட்டிருக்கிறார்கள்.

கடை அலமாரிகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. 'கீட்டோ குக்கீஸ்' என்று எழுதிய பாக்கெட்டில் சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் இருந்தால் அதுவும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். தேனும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். சிறுதானியம் நல்ல உணவு; நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல். ஆனால், 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் சுமார் 67 கிராம். அரிசிச் சோற்றுக்குப் பதில் அதே அளவு களி என்றால் எடை அசையாது.

எனவே புதிதாக ஒரு டயட் வரும்போது சில கேள்விகளைக் கேட்க வேண்டும். சொல்கிறவர் பவுடரோ, மாத்திரையோ, மாதச் சந்தாவோ விற்கிறாரா? காட்டும் பலன் வாரக் கணக்கா, ஆண்டுக் கணக்கா? ஓர் உணவு வகையை முழுதாக நீக்கினால் அதில் கிடைத்த சத்துக்கு ஈடாக என்ன தருகிறார்? யார் இதைச் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறாரா? எடை குறைந்த பின் என்ன சாப்பிட வேண்டும் என்பதற்குத் திட்டம் இருக்கிறதா? கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லாத டயட்டைத் தொடங்கவே வேண்டாம்.

நம் தட்டில் எங்கே குறைப்பது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் உணவுக் கணக்கு 2025-இல் வெளியானது. இந்தியர் ஒருவர் உண்ணும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை. புரதத்தின் பங்கு 12 சதவீதம் மட்டுமே. இதே குழு 2022-இல் போட்ட கணக்கின்படி, புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20 சதவீதம், கொழுப்பு 21 முதல் 26 சதவீதம் என்ற அளவு பொருத்தமானது. பாதிக் கலோரி மாவுச்சத்தாக இருக்கலாம் என்பது நமக்கு நல்ல செய்தி. கீட்டோவின் எல்லைவரை போகாமலே நம் தட்டில் குறைப்பதற்கு நிறைய இடம் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று மூன்று முறை சோறு போட்டுக்கொண்டால் மொத்தம் 400 கிராம் எளிதில் வந்துவிடும். அதில் மாவுச்சத்து மட்டும் 112 கிராம். ஓரத்தில் பேருக்கு ஒரு கரண்டி பொரியலும் ஓர் அப்பளமும் இருக்கும். சோற்றை ஒரே முறையாக்கி 150 கிராமில் நிறுத்தினால் மாவுச்சத்து 42 கிராமாக இறங்கும். 280 கலோரி மிச்சம். காலியான இடத்தில் இரண்டு கப் பொரியல் அல்லது கூட்டு, பிறகு இரண்டு முட்டையோ மத்தி மீன் குழம்போ கோழியோ வர வேண்டும். சைவர்களுக்குப் பனீர், தயிர், சுண்டல். ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கலாம், தயிரைத் தனியாகச் சாப்பிடலாம். வெண்டை, கத்தரி, புடலை, பீர்க்கு, சுரை, முட்டைகோஸ், முருங்கைக்காய், கீரை ஆகியவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடு தேவையில்லை. உருளையும் சேப்பங்கிழங்கும் மரவள்ளியும் பொரியல் வரிசையில் வந்தாலும் கணக்கில் சோற்றோடு சேர்ந்தவை.

சுண்டலிலும் பருப்பிலும் மாவுச்சத்து உண்டு. கடுமையான கீட்டோ அதற்காகவே அவற்றை விலக்குகிறது. நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்து வருவதால் மெதுவாகச் செரிக்கும் உணவு அது. மிதமான குறைமாவு முறையில் அதை விட வேண்டிய தேவையே இல்லை. குறிப்பாக, இறைச்சி உண்ணாத குடும்பத்தில் பருப்பையும் நீக்கிவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 50 கிராம் புரதம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான்.

சோற்றை எடுத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில் நீண்டகாலப் பலன் இருக்கிறது. அமெரிக்காவில் 15,000-க்கும் மேற்பட்டவர்களைக் கால் நூற்றாண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. மாவுச்சத்து மிக அதிகமாக உண்டவர்களிடமும் மிகக் குறைவாக உண்டவர்களிடமும் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. 50 முதல் 55 சதவீதம் என்ற நடு அளவில் குறைவாக இருந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்களிலும் அந்த இடத்தில் இறைச்சியையும் விலங்குக் கொழுப்பையும் நிரப்பியவர்களைவிட, கொட்டை வகைகள், பயறு, காய்கறி ஆகியவற்றை நிரப்பியவர்களின் நிலை மேலாக இருந்தது.

மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாதவர்கள்

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று குறைத்தால், அதே அளவு மருந்து ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போகலாம். முதலில் மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை எடுப்பவர்களுக்குக் கீட்டோ டயட் இன்னும் பெரிய ஆபத்து. ரத்தச் சர்க்கரை அதிகமாகத் தெரியாமலே ரத்தம் அமிலமாகும் கீட்டோ அமிலத்தன்மை இவர்களுக்கு வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைகளைப் பற்றி 2015-இலேயே எச்சரித்திருக்கிறது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு கண்டால் குளுக்கோமீட்டரில் எண் சரியாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், டைப் 1 சர்க்கரை நோயாளிகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோர் தாங்களாக இந்த முறையில் இறங்கக் கூடாது. மற்றவர்களுக்கும் முதல் சில நாட்களில் தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு, மலச்சிக்கல் வரலாம். உப்பும் தண்ணீரும் வெளியேறுவதன் விளைவு இது. தண்ணீரும் காய்கறியும் கூடினால் பெரும்பாலும் சரியாகும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு அழுத்தம் இறங்கி எழும்போது தலைசுற்றலாம். அவரும் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தொடங்கும் முன் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை பரிசோதனை செய்துகொண்டால் டயட் ஒத்துவருகிறதா என்பது தெரிந்துவிடும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், கிரியேட்டினின், இடுப்புச் சுற்றளவு ஆகியவை போதும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு டிரைகிளிசரைடு இறங்கியிருக்கும். ஆனால், பட்டர் டீயும் நெய்யுமாகச் சாப்பிட்ட சிலருக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் வெகுவாக ஏறியிருக்கும். அவர்கள் பழையபடி சோற்றுக்குத் திரும்ப வேண்டியதில்லை. வெண்ணெயையும் நெய்யையும் குறைத்து, அந்த இடத்தில் கடலை, பாதாம், நல்லெண்ணெய், மீன் ஆகியவற்றைக் கூட்டி, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் எல்டிஎல் இறங்கவில்லை என்றால், அடுத்து என்ன செய்வது என்பதை அந்த முடிவுத்தாளுடன் மருத்துவரிடம் போய்த்தான் தீர்மானிக்க வேண்டும்.